வரதட்சணைப் பணத்தில் படித்த புகைப்படம்

எங்கள் டி. கல்லுப்பட்டியில் "பொண்ணு போட்டோ" என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, பின்னால் நீலத்திரை. ஸ்டுடியோ அண்ணன் "நாடியக் கொஞ்சம் தூக்கும்மா" என்பார். கிளிக். முன்பெல்லாம் அந்தப் படம் தரகரின் மஞ்சப்பைக்குள் போகும். இப்போது தரகரின் வாட்ஸ்அப்புக்குள் போகிறது. கேமராவுக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்கு ஊரில் ஒரு இடம் இருக்கிறது. பின்னால் நிற்பவளைப் பார்த்தால்தான் "யாரு வீட்டுப் புள்ள இது?" என்று கேட்பார்கள். சப்பரத் திருவிழாவில் நான் கேமராவோடு ஏணியில் ஏறியபோது கேட்டார்கள், அதனால் தெரியும்.

விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் கலைப்பள்ளி ஒன்றிலிருந்து, புகைப்படம் படிக்க இடம் கிடைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், இனிப்பு கொடுத்தேன். அந்தக் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் ஒரு தொகை இருந்ததும், அதை அப்பா சத்தமாக வாசித்த பிறகு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடாததும் அவர்களுக்குத் தெரியாது. சித்தப்பா மட்டும் பேசினார். "போட்டோ புடிக்கவா அம்புட்டுத் தூரம்? இங்க திருமங்கலத்துல சொல்லித் தர மாட்டாங்களா?"

அவர் கிண்டலாகக் கேட்டதை நான் சீரியஸாக எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். இந்த நாட்டிலிருந்து யார் யார் கேமராவோடு கடல் தாண்டிப் படிக்கப் போனார்கள்? யார் காசில் போனார்கள்? அங்கே என்ன எடுத்தார்கள், அதை யாருக்குக் காட்டினார்கள்? இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான்.

முதலில் ஒரு வேடிக்கை. கேமராவின் போக்குவரத்து ஆரம்பத்தில் எதிர்த்திசையில்தான் நடந்தது. நாம் போகவில்லை, அவர்கள் வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி லின்னேயஸ் ட்ரைப் 1856ல் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858ல் மதுரைக்கு வந்தார். மெழுகு ஏற்றிய பெரிய காகித நெகட்டிவ்கள்தான் அவருடைய பிலிம். மீனாட்சி அம்மன் கோயில், தெப்பக்குளம், அப்போது இடிபாடாகக் கிடந்த நாயக்கர் மகால், திருப்பரங்குன்றம் எல்லாவற்றையும் எடுத்தார். நெகட்டிவ் ஒளியைப் பிடிக்க நேரம் அதிகம் எடுக்கும் என்பதால் நடந்துபோகிறவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். நம் மதுரையை, அதுவும் தெப்பக்குளத்தை, ஆள் இல்லாமல் பார்ப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். எனக்கு முதல் தடவை பயமாக இருந்தது. அழகாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ட்ரைப்பின் கதை எப்படி முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 1859ல் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். வந்தவர் கணக்கைப் பார்த்தார், இது கஜானாவுக்குத் தாங்காத ஆடம்பரம் என்று வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கவர்னர் சொன்னதைத்தான் சித்தப்பாவும் சொன்னார். 160 வருடமாகப் புகைப்படத்துக்கு எதிராக ஒரே வாதம்தான் இருக்கிறது.

இனி நாம் போன கதை. கல்லுப்பட்டிக்காரி என்பதால் அதை ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், புகைப்படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடமிருந்து. எங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே.சி. குமரப்பாவை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேச்சுப்போட்டி வழியாகத் தெரியும். கதர், கிராமத் தொழில், காந்தியப் பொருளாதாரம். அவர் நியூயார்க்கில் படித்தவர் என்பதைப் பேச்சுப்போட்டியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. லண்டனில் கணக்கியல் முடித்தவர், பம்பாயில் கோட் சூட்டோடு தணிக்கையாளராக இருந்தவர், அமெரிக்கா போய் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். பிறகு கொலம்பியாவில் பொது நிதி படிக்கச் சேர்ந்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே ஆராயத் தொடங்கியதும் ஆளே மாறிப்போனார். 1929ல் திரும்பி வந்து காந்தியைப் பார்த்தார். கோட் போனது, கதர் வந்தது. 1960 ஜனவரி 30ல், காந்தி இறந்த அதே தேதியில், சென்னையில் இறந்தார்.

வணிகம் படிக்க நியூயார்க் பக்கம் போய்த் தடம் மாறிய இன்னொருவர் சுனில் குப்தா. இவர் கதர் பக்கம் போகவில்லை, கேமரா பக்கம் போனார்.

சுனில் குப்தா 1953ல் டெல்லியில் பிறந்தார். 1969ல் குடும்பம் கனடாவின் மாண்ட்ரீலுக்குக் குடிபெயர்ந்தது. 1976ல் எம்.பி.ஏ. படிக்க நியூயார்க் வந்தார். நடுத்தரக் குடும்பத்துப் பையன் எம்.பி.ஏ. படிக்கிறான் என்றால் வீட்டில் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும், நம் வீடுகளை வைத்தே கணக்குப் போடலாம். வந்த இடத்தில் நியூ ஸ்கூல் என்ற கல்வி நிலையத்தில் புகைப்பட வகுப்புக்குப் போனார். அங்கே ஆசிரியர் லிசெட் மாடல். வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய பெண் புகைப்படக்காரர், டயான் ஆர்பஸுக்குப் பாடம் சொன்னவர். அவர் தந்த ஊக்கத்தில் குப்தா எம்.பி.ஏ.வை விட்டுவிட்டார்.

வார இறுதிகளில் அவர் போய் நின்ற இடம் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட். 1969ல் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸ் சோதனைக்கு எதிராகத் தன்பாலீர்ப்பாளர்கள் திரண்டு நின்றார்களே, அந்தத் தெரு. ஏழே வருடம் கழித்து அங்கே ஆண்கள் கைகோத்து, தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்கள். குப்தாவும் தன்பாலீர்ப்பாளர். டெல்லியில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஒன்று பட்டப்பகலில் நடைபாதையில் நடந்து வருகிறது, கையில் கேமரா இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளினார். அந்தப் படங்களை நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன். எதிரே வருகிறவர்களில் பலர் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். திருட்டுத்தனமாக எடுத்த படம் என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. இவரும் அந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் இங்கிலாந்து. 1978 முதல் 1981 வரை ஃபார்ன்ஹாம் கலைக் கல்லூரி, அடுத்து லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், 1983ல் முதுகலைப் பட்டம். அங்கே படிக்கும்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. கலை வரலாற்றில் தன்னைப் போன்ற ஒரு இந்தியனின் படமே இல்லை. நூலகம் முழுக்கத் தேடினாலும் இல்லை. இருக்கிற படத்தைப் படித்துத் தேர்வு எழுதுவது ஒரு மாணவனின் வேலை. இல்லாத படத்தை யார் எடுப்பது?

அவரே டெல்லிக்கு வந்து எடுத்தார். லண்டன் போட்டோகிராஃபர்ஸ் கேலரி அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தது. 1986, 87ல் எடுத்த அந்தத் தொடருக்கு 'எக்ஸைல்ஸ்' என்று பெயர். இந்தியா கேட், ஹுமாயூன் சமாதி என்று நாம் கல்விச் சுற்றுலா போகிற இடங்கள். அங்கே ஆண்கள் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பலருடைய முகம் தெரியாது. முதுகைக் காட்டியிருப்பார்கள், அல்லது தலை சட்டகத்துக்கு வெளியே போயிருக்கும். சட்டப்பிரிவு 377 அமலில் இருந்த காலம். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்த 2018 செப்டம்பர் 6 வரை ஆனது. நியூயார்க் தெருவில் முகம் காட்டி நடந்தவர்களையும் டெல்லியில் முதுகு காட்டி உட்கார்ந்தவர்களையும் எடுத்தது ஒரே ஆள்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒருவர் எதற்காக வெளிநாடு போய்ப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். சித்தப்பாவிடம் இந்தப் பதிலைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

1976ன் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் படங்கள் புத்தகமாக வந்தது 2018ல். 42 வருடம்! செமஸ்டர் முடிவுக் கண்காட்சியில் நம் படத்தை வாசல் பக்கம் மாட்டவில்லை என்று சண்டை போடுகிற நாம் (நான்தான் அதிகம் சண்டை போட்டேன், தெரியும்) இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் சொல்ல வந்தவரிடம் வருகிறேன். தயாநிதா சிங். 1961ல் டெல்லியில் பிறந்தவர். அகமதாபாத்தில் என்.ஐ.டி. என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியதும் அதே 1961ல். அவர் 1980ல் அங்கே போய்ச் சேர்ந்தார். முதலில் புகைப்படக்காரராகும் எண்ணமே கிடையாது, வரைகலைதான் படிக்க நினைத்தார்.

வகுப்பில் ஒரு பயிற்சி. ஒரு மனிதரின் மனநிலைகளைப் படமாக்கி வர வேண்டும். தபேலா கலைஞர் ஜாகிர் உசேன் கச்சேரிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். படம் எடுக்கக் கூடாது என்று ஏற்பாட்டாளர் தடுத்தார். அந்தத் தள்ளுமுள்ளில் இந்தப் பெண் கீழே விழுந்துவிட்டார். எல்லோர் முன்னாலும். வேறு யாராவது என்றால் அழுதுகொண்டு ஹாஸ்டலுக்குப் போயிருப்பார்கள். இவர் கச்சேரி முடிந்து வெளியே வந்த ஜாகிர் உசேனிடமே போய், இன்றைக்கு நான் ஒரு மாணவி, ஒருநாள் பெரிய புகைப்படக்காரி ஆவேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அவர் கோபப்படவில்லை. மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதன்பிறகு ஆறு குளிர்காலங்கள் அந்த இசைக்குழுவோடு பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றினார். அந்தப் படங்கள்தான் அவருடைய பட்டயப் படிப்பின் வேலை, 1986ல் அதுவே முதல் புத்தகம். மாணவியாக அவர் கத்தரித்து ஒட்டி, கையால் எழுதி வைத்திருந்த மாதிரிப் பிரதியை ஜெர்மன் பதிப்பாளர் ஸ்டைடல் 2019ல் அப்படியே அச்சிட்டு வெளியிட்டார். ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் இறந்தபோது பலரும் பகிர்ந்தவற்றில் அந்த மாணவி எடுத்த படங்களும் இருந்தன.

அடுத்து நியூயார்க். அங்கே ஐ.சி.பி. என்று ஒரு நிறுவனம், சர்வதேசப் புகைப்பட மையம். போர்முனைப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா 1954ல் இந்தோசீனாவில் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார். அவருடைய தம்பி கார்னெல் காப்பா 1974ல் தொடங்கியது அது. ஆவணப் புகைப்படம் படிக்க விரும்புகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கனவு அன்றைக்குக் கிடையாது. தயாநிதா 1987ல் போனார்.

எந்தக் காசில் என்பதுதான் நான் தேடிக்கொண்டிருந்த விஷயம்.

அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டார். அம்மா நோனி சிங் ஒருபக்கம் பிள்ளைகளையும் இன்னொருபக்கம் சொத்து வழக்குகளையும் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு அறை நிறைய வழக்குக் கட்டுகள் கிடக்குமாம். (பிற்காலத்தில் தயாநிதா அரசு ஆவண அறைகளையும் கட்டுக்கட்டான கோப்புகளையும் எடுத்து 'ஃபைல் ரூம்' என்று 2013ல் புத்தகம் போட்டார். அந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதல்லவா?) மகள் அம்மாவிடம் போய்க் கேட்டது இதுதான்: என் வரதட்சணைக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தைக் கொடுங்கள், நான் நியூயார்க் போய்ப் படிக்கிறேன். அம்மா கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த வருடமும் தயாநிதா பிறந்த வருடமும் ஒன்று. ஆனால் எங்கள் பக்கம் அதை யாரும் வரதட்சணை என்று சொல்வதே இல்லை. "பொண்ணுக்குப் போடுறது" என்பார்கள். பெண் பிறந்த அன்றே அந்தக் கணக்கு ஆரம்பித்துவிடும். மாதாமாதம் நகைச்சீட்டு, ஆடிக்கு ஒரு கம்மல், தீபாவளி போனஸில் ஒரு மோதிரம். அது பணமாக இருக்கும்வரை நம்முடையது போலத் தெரியும். ஆனால் தொட முடியாது. அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்தாகிவிட்டது. தயாநிதாவின் அம்மா செய்தது செலவு இல்லை. அந்தப் பணத்துக்குக் கொடுத்திருந்த வேலையை மாற்றினார். திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்வதற்குக் கேமராதான் தனக்கு டிக்கெட் என்று மகள் அப்போதே நினைத்திருக்கிறார். அம்மாவுக்கு அது தெரிந்தே இருந்திருக்கும்.

படிப்பு முடிந்து திரும்பி வந்து மேல்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் படம் எடுக்கத் தொடங்கினார். இங்கேதான் நான் எதிர்பார்க்காத திருப்பம். வெளிநாட்டில் படித்த இந்தியப் புகைப்படக்காரரிடம் வெளிநாடு என்ன கேட்கும்? வறுமை, குழந்தைத் தொழிலாளர்கள், பாலியல் தொழிலாளர்கள். அவரும் எடுத்தார். நன்றாக எடுத்தார், விலையும் போனது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே தலைக்குள் வைத்திருக்கும் இந்தியாவுக்குப் படம் மட்டும் சப்ளை செய்கிறோமோ என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

1989ல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காகப் பழைய டெல்லியில் திருநங்கைகளைப் படம் எடுக்கப் போனார். மோனா அகமது சம்மதித்தார், எடுத்தாயிற்று. படம் இங்கிலாந்தில் வெளிவரும் என்று தெரிந்ததும் மோனா பயந்துவிட்டார், அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். படச்சுருளைத் திருப்பிக் கேட்டார். தயாநிதா கொடுத்துவிட்டார். வேலை போச்சு. ஆனால் மோனா 2017ல் இறக்கும்வரை இருவரும் தோழிகளாக இருந்தார்கள். மோனாவே தன் கதையைத் தன் வார்த்தைகளில் சொல்ல, 2001ல் 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகம் வந்தது. எந்தக் கலைப்பள்ளியும் பிலிமைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தராது என்று நினைக்கிறேன். பிலிமைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் சொல்லித் தரும். சுனில் குப்தாவின் படங்களில் முகம் மறைத்து உட்கார்ந்தவர்களை இங்கே நினைத்துக்கொண்டேன். வெளியூரில் மாட்டும் படத்துக்கு உள்ளூரில் இருப்பவர்கள் விலை கொடுக்க வேண்டி வரலாம். சப்பரத் திருவிழாவில் நான் எடுத்த சாமியாடும் அக்காவின் படத்தைத்தான் விண்ணப்பத்தோடு அனுப்பினேன். அவரிடம் கேட்கவில்லை. இனிமேல்தான் கேட்க வேண்டும்.

பத்திரிகை வேலையை விட்டுவிட்டுத் தயாநிதா தன்னைச் சுற்றியிருந்த வீடுகளை, குடும்பங்களை, காலி நாற்காலிகளை எடுக்கத் தொடங்கினார். காட்டும் முறையையும் மாற்றினார். 2008ல் வந்த 'சென்ட் எ லெட்டர்' எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துணிப்பெட்டி, அதற்குள் உள்ளங்கை அளவில் ஏழு மடிப்புப் புத்தகங்கள். விரித்து மேசையில் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. ஆறு புத்தகங்களுக்கு ஊர்ப் பெயர்கள். அதில் ஒன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம். ஏழாவதின் பெயர் நோனி சிங், அதில் இருப்பவை அம்மா எடுத்த படங்கள். அம்மாவும் ஓயாமல் படம் எடுத்தவர்தான். மகள் முன்கை எடுத்து 2013ல் அவருக்கும் தனியாக ஒரு புத்தகம் வந்தது. அந்த ஏழு குட்டிப் புத்தகங்களையும் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் எங்கே வைத்தார்கள் தெரியுமா? நகைக்கடையின் கண்ணாடி அலமாரியில். நெக்லஸ் இருக்க வேண்டிய இடத்தில் படங்கள்!

2022ல் அவருக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. புகைப்படத்துக்கு உலகில் கொடுக்கப்படும் பெரிய விருதுகளில் ஒன்று, 20 லட்சம் ஸ்வீடிஷ் குரோனா. தெற்காசியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர். இதைச் சித்தப்பாவுக்கு ரூபாயில் மாற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாருக்குமா கெடைக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அம்மாவிடம் விருதைப் பற்றிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நோனி சிங் கதையை மட்டும் சொன்னேன். வழக்குக் கட்டுகள், வரதட்சணைப் பணம், மகள் கேட்டது, அம்மா கொடுத்தது. அம்மா கீரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"அந்தம்மாவுக்கு எத்தன பிள்ளைக?"

"நாலும்மா."

"ஆம்பளப் பிள்ள?"

"இல்ல. நாலுமே பொண்ணு. இவங்கதான் மூத்தவங்க."

அம்மா கையில் இருந்த காம்பைக் கீழே வைத்தார். நாங்கள் இரண்டே பேர்தான், நானும் தங்கச்சியும்.

"நாலா?" என்றார் மறுபடியும்.

சாயங்காலம் வரை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விளக்கு வைத்துவிட்டு வந்து, பீரோவைக் கைகாட்டி, "அந்தச் சீட்டு அட்டைய எடு, இன்னும் எத்தன மாசம் கெடக்குன்னு பாரு" என்றார். எடுத்துப் பார்த்தேன். ஏழு.